ரோமின் நீரூற்றுகளை எந்த வரிசையில் பார்ப்பது?

நீங்கள் கேட்டது இது: மே மாதம் அப்பா அம்மாவோடு மூன்று நாள் ரோமில் தங்கப் போகிறீர்கள். ட்ரெவியைத் தவிர வேறு எந்த நீரூற்றுகளையும் நினைவுச்சின்னங்களையும் பார்க்கலாம், எந்த வரிசையில் போகலாம், தெருக்குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

பெரும்பாலான பயணப் பட்டியல்கள் "பார்க்க வேண்டிய பத்து" என்று போட்டு, நகரத்தின் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்குமாக அலைய விடும். பெரியவர்களோடு அப்படிச் சுற்றினால் முதல் நாள் மாலையே சோர்ந்துவிடுவார்கள். நான் சொல்லும் முறை வேறு. தண்ணீர் நகரத்துக்குள் எந்த வழியாக வந்ததோ அந்த வழியைப் பிடித்துக்கொண்டு நடங்கள். நடையும் குறையும், ஒவ்வோர் ஊற்றும் ஏன் அந்த உருவத்தில் இருக்கிறது என்பதும் புரியும்.

கொஞ்சம் பின்னணி. பழைய ரோமுக்குப் பதினொரு நீர்வழிகள் இருந்தன. முதலாவது கி.மு. 312-ல் வந்தது, கடைசி கி.பி. 226-ல். மலைச் சுனைகளிலிருந்தும் ஏரிகளிலிருந்தும் மெல்லிய சரிவில் மைல்கணக்காக ஓடி வந்தவை இவை. பெரும்பகுதி மண்ணுக்கு அடியில்தான். நாம் படங்களில் பார்க்கும் வளைவுப் பாலங்கள் பள்ளங்களைத் தாண்டுவதற்காகக் கட்டியவை. கி.பி. 537-ல் நகரை முற்றுகையிட்ட, கோத் என்ற ஜெர்மானிய இனத்தின் படை இந்த வழிகளை வெட்டிவிட்டது. அதன்பின் பல நூற்றாண்டுகள் ரோம் மக்கள் டைபர் ஆற்று வளைவை ஒட்டி நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். குடித்ததும் பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர்தான். பீப்பாயில் சுமந்து வீடு வீடாக விற்பவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய சிலை இன்றும் இருக்கிறது: கோர்ஸோ தெருவை ஒட்டிய வியா லாத்தாவில், கையில் பீப்பாயைப் பிடித்து நிற்கும் ஃபக்கீனோ என்ற சின்னச் சுவர் ஊற்று. முகம் தேய்ந்து போயிருக்கும். யாரும் கவனிக்காமல் கடந்து போவார்கள். நீங்கள் அவசியம் நின்று பாருங்கள். நகரத்தில் தண்ணீர் விலைக்கு விற்ற காலத்தின் சாட்சி அவர்.

பிறகு போப்பாண்டவர்கள் மூன்று வழிகளை மீட்டார்கள். 1570-ல் அக்குவா வெர்ஜினே, 1587-ல் அக்குவா ஃபெலிச்சே, 1610-ஐ ஒட்டி அக்குவா பாவ்லா. இந்த மூன்றும் நகரத்துக்குள் நுழையும் உயரம் வேறு வேறு. மோட்டார் இல்லாத காலம். மாடியில் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்குத்தானே கீழ்வீட்டுக் குழாயில் வேகம் வரும்? அதே கணக்குதான் இங்கும். வெர்ஜினே தாழ்வாக வருகிறது, அதனால் அதன் தண்ணீர் மேலே பீய்ச்சாது. ஃபெலிச்சே உயரமாக வருகிறது, குன்றுகளின் மேலும் எழும்பும். பாவ்லா மூன்றிலும் உயரமானது. சிற்பி எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் இந்தக் கணக்குக்கு உட்பட்டுத்தான் கற்பனை செய்ய வேண்டியிருந்தது. ரோமின் ஊற்றுகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். குறைந்த வேகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் கண்டுபிடித்த வழிகள், நிறைய வேகம் கிடைத்த இடங்களில் செய்தவற்றைவிட அழகானவை.

முதல் நாளை வெர்ஜினேவுக்கு ஒதுக்குங்கள். ஸ்பானியப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் பர்காச்சாவில் தொடங்குங்கள், காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் நல்லது. பாதி மூழ்கிய கல் படகு. அதை 1627-ல் தொடங்கி 1629-ல் முடித்தவர் பியெத்ரோ பெர்னினி, புகழ்பெற்ற ஜான் லொரென்ஸோ பெர்னினியின் தகப்பனார். 1598 வெள்ளத்தில் ஒரு படகு இந்தச் சதுக்கம் வரை அடித்து வந்து ஒதுங்கியதாம், அதை நினைவில் வைத்துச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. இருக்கலாம். ஆனால் இந்த இடத்தில் தண்ணீருக்குத் தெம்பு இல்லை என்பது நிச்சயம். உயரமான கிண்ணம் வைத்தால் தண்ணீர் ஏறாது. அதனால் தொட்டியைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, அதற்குள் மூழ்கும் படகை வைத்தார். படகின் ஓட்டைகள் வழியே தண்ணீர் கசிந்து வழிவதுபோல் தெரியும். பலவீனம் அப்படியே கருப்பொருளாகிவிட்டது. படிக்கட்டில் உட்கார 2019 முதல் தடை இருக்கிறது, அம்மாவுக்குக் கால் வலித்தால் உட்கார வேறு இடம் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து ட்ரெவிக்கு நேரே போகாதீர்கள். வழியில் வியா டெல் நஸரேனோ என்ற சின்னத் தெருவில், சாலை மட்டத்துக்குக் கீழே, பழைய வெர்ஜினேயின் கல் வளைவுகள் தெரியும். கி.பி. 46-ல் கிளாடியஸ் பேரரசர் அதைப் பழுதுபார்த்ததாகச் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது. சற்றுத் தள்ளி வியா டெல் த்ரித்தோனேயில் ரினாஷென்தே என்ற பெரிய துணிக்கடை. அதைக் கட்ட அடித்தளம் தோண்டியபோது அதே நீர்வழியின் வளைவுகள் வெளிப்பட்டன. கடையின் கீழ்த்தளத்தில் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை, குளிர்சாதனமும் உண்டு, கழிப்பறையும் உண்டு. பெற்றோருடன் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இப்போது ட்ரெவி. கி.மு. 19-ல், அகஸ்டஸ் பேரரசரின் நண்பரும் மருமகனுமான அக்ரிப்பா, ரோமுக்குக் கிழக்கே உள்ள சுனைகளிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளத்துக்குக் கொண்டுவந்த தண்ணீர் இது. தாகத்தால் தவித்த போர்வீரர்களுக்கு ஓர் இளம்பெண் சுனையைக் காட்டினாள் என்ற கதை அப்போதே இருந்தது. முகப்பில் மேலே இரண்டு புடைப்புச் சிற்பங்கள் இருக்கும். இடப்பக்கம் அக்ரிப்பா வேலைக்கு உத்தரவிடுகிறார், வலப்பக்கம் அந்தப் பெண் சுனையைக் காட்டுகிறாள். காசு வீசும் கூட்டத்தில் இவற்றை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. வெர்ஜினே ஏறக்குறைய முழுவதும் நிலத்தடியில் ஓடியதால்தான் கோத் படைக்குப் பிறகும் அது அடியோடு வற்றவில்லை. இடைக்காலம் முழுக்கச் சிறு கசிவாகவேனும் இங்கே தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது நாம் பார்ப்பது நிக்கோலா சால்வியின் வடிவமைப்பு. 1732-ல் வேலை தொடங்கியது, 1751-ல் சால்வி இறந்துபோனார், 1762-ல்தான் முழுமையடைந்தது. உயரம் 26 மீட்டர், அகலம் 49 மீட்டர். பின்னால் இருப்பது பாலாட்சோ போலி என்ற மாளிகை, அதன் சுவரையே மேடையாக்கிக்கொண்டார். இங்கும் தண்ணீர் மட்டம் தாழ்வுதான், அதனால்தான் நீங்கள் படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. சால்வி தண்ணீரை மேலே அனுப்ப முயலவில்லை. ஒழுங்கற்ற பாறைகளைக் குவித்து, அவற்றின் இடுக்குகளில் பல திசைகளில் விழவைத்தார். தண்ணீர் விழும் உயரம் அதிகம் இல்லை, ஆனால் சத்தம் தெருமுனை வரை கேட்கும். ஒடுங்கிய சந்திலிருந்து வருகிறவர் முதலில் அதைக் காதால்தான் அறிகிறார். பாறைகளுக்கு நடுவே கல்லில் செதுக்கிய செடிகொடிகள் பல வகை உண்டு. அப்பாவுக்குச் செடி வளர்ப்பதில் ஆர்வம் இருந்தால் அத்திமரத்தைத் தேடச் சொல்லுங்கள்.

கூட்டத்தைப் பற்றி. 2024 இறுதியில் சீரமைப்பு முடிந்து திறந்தபோது, தொட்டியருகே ஒரே நேரத்தில் 400 பேருக்கு மேல் விடுவதில்லை என்று வரம்பு வைத்தார்கள். அருகில் இறங்குவதற்கான விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் கிளம்புவதற்கு முன் ரோம் நகராட்சியின் தளத்தில் பார்த்துவிடுங்கள். இன்னொரு நாள் விடிகாலை ஆறு மணிக்கு வந்து, இறங்காமல் மேலே நின்று பார்ப்பதுதான் என் தேர்வு. காசு வீசுவது உங்கள் விருப்பம். அந்தப் பணத்தைச் சேகரித்து காரிதாஸ் என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்புக்குத் தருகிறார்கள், ஏழைகளின் உணவுக்கும் உதவிக்கும் போகிறது. தொட்டிக்குள் காலை விட்டால் கடும் அபராதம்.

ட்ரெவிக்கு ஒரு நிமிட நடையில் விக்குஸ் கப்ராரியுஸ் என்ற நிலத்தடி அகழாய்வுத் தளம் இருக்கிறது. ஒரு திரையரங்கைப் புதுப்பிக்கத் தோண்டியபோது கிடைத்தது. பழைய ரோமானிய வீடுகளும், வெர்ஜினேயின் நீரைத் தேக்கிப் பிரித்து அனுப்பிய தொட்டியும் அங்கே உள்ளன. முன்பதிவு செய்யுங்கள். மேலே ஆயிரம் பேர் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது கீழே பத்துப் பேர்தான் இருப்பார்கள்.

அடுத்து பாந்தியோன், பழைய ரோமானியக் கோயில். நெற்றியில் அக்ரிப்பாவின் பெயர் பொறித்திருக்கும். இன்றைய கட்டடம் ஹாட்ரியன் பேரரசர் காலத்தது, ஆனால் அதே இடத்தில் முதலில் கட்டிய அக்ரிப்பாவின் பெயரை ஹாட்ரியன் அப்படியே வைத்தார். தண்ணீரைக் கொண்டுவந்த அதே அக்ரிப்பாதான். பாந்தியோனுக்குப் பின்புறம் அவர் கட்டிய பொதுக் குளியல் மண்டபத்துக்காகத்தான் வெர்ஜினே முதலில் வந்தது. அந்த மண்டபத்தின் ஒரு வளைந்த சுவர் இன்னும் வியா டெல் ஆர்கோ டெல்லா சம்பெல்லா தெருவில், வீடுகளுக்கு இடையே நிற்கிறது. பாந்தியோனுக்குள் போக 2023-ல் 5 யூரோ கட்டணம் கொண்டுவந்தார்கள். கூரையின் நடுவில் இருக்கும் வட்டத் திறப்பு எப்போதும் திறந்தே கிடக்கும். மழை உள்ளே பெய்யும், தரையில் உள்ள துளைகள் வழியே வடிந்துவிடும். மே மாத மழை வந்தால் ஓடி ஒளியாதீர்கள், அப்போதுதான் உள்ளே இருக்க வேண்டும்.

நவோனா சதுக்கத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீண்டு, ஒரு முனை வளைந்திருக்கும் அதன் வடிவம் டொமிஷியன் பேரரசரின் ஓட்டப்பந்தய அரங்கத்தின் வடிவம். அரங்கத்தின் மேலேயே வீடுகள் எழும்பிவிட்டன. நடுவில், உச்சியில் உயர்ந்த ஊசித்தூண் (ஒபெலிஸ்க்) தாங்கி நிற்கும் ஜான் லொரென்ஸோ பெர்னினியின் நான்கு நதிகள் ஊற்று, 1651-ல் பத்தாம் இன்னொசென்ட் போப்பாண்டவருக்காகச் செய்தது. ஐரோப்பாவுக்கு டான்யூப், ஆப்பிரிக்காவுக்கு நைல், அமெரிக்காவுக்கு ரியோ தெ லா பிளாட்டா, ஆசியாவுக்கு நம் கங்கை. கங்கை இங்கே தாடி வைத்த ஆண், கையில் நீண்ட துடுப்பு. படகு போகும் பெரிய நதி என்பதைக் காட்டத்தான் அந்தத் துடுப்பு. கங்கையைத் தாயாகக் கும்பிட்டு வளர்ந்த அம்மாவுக்கு அந்தத் தாடிக்காரரைக் காட்டும்போது அவர் முகத்தைப் பாருங்கள். நைல் தலையைத் துணியால் மூடியிருக்கும், அதன் பிறப்பிடம் அப்போது ஐரோப்பியருக்குத் தெரியாது.

இங்கே வழிகாட்டிகள் ஒரு கதை சொல்வார்கள். பிளாட்டா நதி கையை உயர்த்தியிருப்பது, எதிரே பெர்னினியின் போட்டியாளர் பொர்ரொமினி கட்டிய தேவாலயம் இடிந்து விழுமோ என்ற பயத்தில் என்று. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஊற்று முடிந்தது 1651-ல், தேவாலயத்துக்கு அடித்தளம் போட்டது 1652-ல். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ரொட்டி விலை ஏறி மக்கள் தவித்த ஆண்டுகளில் இந்த ஊற்றுக்குப் பணம் கொட்டினார்கள். ஊசித்தூணும் ஊற்றும் வேண்டாம், ரொட்டி கொடுங்கள் என்று எழுதி ஒட்டினார்கள் ரோம் மக்கள். அப்படி எழுதி ஒட்டும் வழக்கத்துக்குப் பேர்போன பஸ்குவீனோ சிலை சதுக்கத்துக்குப் பின்னால், 1501 முதல் நிற்கிறது. கையும் மூக்கும் உடைந்த பழைய சிலை. இன்றும் காகிதங்கள் ஒட்டியிருக்கும். பெர்னினியின் அழகைப் பார்த்த கையோடு அதையும் பாருங்கள், இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

ஊற்றின் பொறியியலும் கவனிக்கத் தகுந்தது. அவ்வளவு கனமான ஊசித்தூணுக்குக் கீழே பாறை நான்கு பக்கமும் குடைந்து வெற்றிடமாக இருக்கிறது. குனிந்து பார்த்தால் மறுபக்கம் தெரியும். தண்ணீர் அந்தப் பாறையின் அடியில்தான் பாய்கிறது, வெர்ஜினேதானே. முன்பு ஆகஸ்ட் மாத வார இறுதிகளில் வடிகாலை அடைத்துச் சதுக்கத்தையே குளமாக்கி, குதிரை வண்டிகளை அதில் ஓட்டுவார்கள். 1866 வரை இது நடந்தது.

தெம்பு மிச்சம் இருந்தால் மட்டும், யூதர் குடியிருப்புப் பகுதியை ஒட்டிய பியாட்சா மத்தேயில் ஆமைகள் ஊற்று. ஜாக்கொமோ தெல்லா போர்த்தா வடிவமைத்து, தத்தேயோ லாந்தீனி 1580-களில் வெண்கலத்தில் வார்த்தார். நான்கு இளைஞர்கள் கையை மேலே நீட்டியிருப்பார்கள். அந்தக் கைகள் முதலில் தாங்கியிருந்தது டால்பின்களை. அவற்றின் வாய்வரை தண்ணீர் ஏறவில்லை, எடுத்துவிட்டார்கள். கைகள் காரணமில்லாமல் நீண்டு கிடந்தன. 1658-ஐ ஒட்டி அங்கே ஆமைகளை வைத்தார்கள், தொட்டியில் ஏற முயல்வதுபோலவும் இளைஞர்கள் தூக்கிவிடுவதுபோலவும். ரோமிலேயே எனக்கு மிகப் பிடித்த ஊற்று இதுதான், ட்ரெவியையும் சேர்த்துச் சொல்கிறேன். 1979-ல் ஒரு ஆமையைத் திருடிவிட்டார்கள், இப்போது அங்கிருப்பவை நகல்கள்.

இரண்டாம் நாள் ஃபெலிச்சே. ஐந்தாம் சிக்ஸ்துஸ் போப்பாண்டவரின் இயற்பெயர் ஃபெலிச்சே, அதைத் தண்ணீருக்கும் வைத்துவிட்டார். தண்ணீர் இல்லாமல் குன்றுகளின் மேல் யாரும் குடியேறவில்லை. அந்தப் பகுதி தோட்டமும் இடிபாடுமாகக் கிடந்தது. முதலில் பொறுப்பேற்ற பொறியாளர் மட்டத்தைத் தவறாகக் கணித்ததால் தண்ணீர் வரவில்லை. ஜொவான்னி ஃபொந்தானா அதைச் சரிசெய்தார். வழி முடியும் இடத்தில் மோசே ஊற்று நிற்கிறது. சிலை பருத்து, தலை பெரிதாக இருக்கும். செய்த காலத்திலேயே ஏச்சு வாங்கியது, எனக்கும் பிடிக்காது. ஐந்து நிமிடம் போதும். பக்கத்தில் ரெபுப்ளிக்கா சதுக்கத்தில் நயாதி ஊற்று. 1901-ல் மாரியோ ருத்தெல்லி வைத்த நிர்வாண நீர்த்தேவதைகளைப் பார்த்து ஊரே கொதித்தது. இதன் தண்ணீர் நான்காவது வழியான அக்குவா மார்ச்சா. அதை ஒன்பதாம் பியுஸ் 1870 செப்டம்பர் 10-ல் திறந்தார், பத்து நாள் கழித்து, செப்டம்பர் 20-ல், இத்தாலியப் படை நகருக்குள் நுழைந்து போப்பாண்டவர் ஆட்சி முடிந்தது.

நாற்சந்தி முழுக்க ஊற்றாக இருக்கும் க்வாத்ரோ ஃபொந்தானேயில் நடைபாதை மிகக் குறுகல், வண்டிகள் உரசிப் போகும். பெரியவர்களை நடுவில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். அங்கிருந்து இறக்கத்தில் பர்பெரீனி சதுக்கம், பெர்னினியின் த்ரித்தோனே. 1643-ல் முடிந்தது. நான்கு டால்பின்கள் தாங்கும் சிப்பியின் மேல் கடல்தேவன் மண்டியிட்டு, சங்கை அண்ணாந்து ஊதுகிறான். சங்கிலிருந்து தண்ணீர் நேராக மேலே எழும்பும். அப்பன் பர்காச்சாவில் செய்ய முடியாததை மகன் இங்கே செய்தார், காரணம் இது ஃபெலிச்சேயின் தண்ணீர்.

மூன்றாம் நாள் பேருந்தில் ஜனிக்கோலோ குன்றுக்கு ஏறி, நடந்து இறங்குங்கள். மேலே ஃபொந்தனோனே, பாவ்லாவின் முகப்பு, 1612. ஐந்து வளைவுகளிலிருந்து தண்ணீர் ஆறாகக் கொட்டும். பளிங்குக்கு நெர்வா மன்றம் என்ற பழைய ரோமானியச் சதுக்கத்தில் நின்ற மினர்வா கோயிலை இடித்தார்கள், சிவப்புக் கிரானைட் தூண்கள் பழைய புனித பேதுரு தேவாலயத்திலிருந்து வந்தவை. மேலே பெரிய எழுத்தில் அல்சியெத்தினா நீர்வழியை மீட்டதாகக் கல்வெட்டு சொல்லும். அது தப்பு. மீட்டது டிராஜன் பேரரசர் கி.பி. 109-ல் கட்டிய வழியை. கல்லில் வெட்டிவிட்டதால் நானூறு ஆண்டாக அப்படியே இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குக் குன்றின் மேல் பீரங்கி வெடிப்பார்கள், தினமும் உண்டு, அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இறங்கினால் த்ராஸ்தேவெரே என்ற பகுதி, அதன் பின் சிஸ்தோ பாலம். இந்தப் பாலத்தின் வழியாகத்தான் பாவ்லாவின் குழாய் ஆற்றைத் தாண்டியது. அக்கரையில் ஃபர்னேசே சதுக்கத்தின் இரண்டு பெரிய கிரானைட் தொட்டிகள் காரகல்லா குளியல் மண்டபத்திலிருந்து எடுத்து வந்தவை. மாலையில் புனித பேதுரு சதுக்கம். அதன் இரட்டை ஊற்றுகளுக்கும் இதே பாவ்லா வழிதான். 2017 கோடையில் கடும் வறட்சி, பாவ்லாவுக்குத் தண்ணீர் தரும் பிராச்சானோ ஏரி மட்டம் இறங்கியபோது வத்திக்கான் தன் ஊற்றுகளை நிறுத்திவைத்தது. எவ்வளவு பழைய பிணைப்பு என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

கடைசியாகத் தண்ணீர். சிற்ப ஊற்றுகளின் தொட்டித் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ட்ரெவி உள்ளிட்டவற்றில் அதே நீரை மோட்டார் வைத்துச் சுற்றவிடுகிறார்கள். குடிக்க வேண்டியது தெருவில் இருக்கும் நாசோனே. இடுப்புயர வார்ப்பிரும்புக் குழாய், 1874 முதல் வைக்கத் தொடங்கினார்கள், இன்று நகரில் சுமார் 2,500 இருக்கின்றன. நகரத்தின் குடிநீர்தான், குளிர்ந்து இருக்கும், காசு இல்லை. வளைந்த குழாயின் மேற்பக்கம் சின்னத் துளை உண்டு. நுனியை விரலால் அடைத்தால் தண்ணீர் அந்தத் துளை வழியே மேலே வளைந்து வரும், குனியாமல் வாய் வைக்காமல் குடிக்கலாம். நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறதே என்று அப்பா வருத்தப்படுவார். 2017 வறட்சியில் அதை மூட வேண்டும் என்ற பேச்சு வந்தபோது எதிர்ப்பும் வந்தது. பழைய நிலத்தடிக் குழாய்களில் கசிந்து போவதோடு பார்த்தால் இவை விடுவது மிகச் சிறிய பங்கு, வீடில்லாதவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் இதுதான் தண்ணீர். எனக்கும் மூடக் கூடாது என்பதே எண்ணம்.

ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில், ரப்பர் அடி வைத்த மூடிய செருப்பு. ரோமின் சதுரக் கல் பாவிய தெருக்கள் மழையில் வழுக்கும். ட்ரெவிக்குப் பக்கத்துத் தெருக்களில் பாட்டில் தண்ணீர் வாங்காதீர்கள், பாந்தியோன் சதுக்கத்தில் இருக்கும் நாசோனேயில் நிரப்பிக்கொள்ளுங்கள். மூன்று வாய் வைத்த பழைய மாதிரி அது, நகரில் மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு.